விடுபட்ட ஐந்து மாதங்கள்

படிவக்காரர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "உங்க வைப்புநிதிக் கணக்குல ஒம்போது வருஷம் ஏழு மாசம்தான் காட்டுது அக்கா" என்றார்.

அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்த பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. பக்கத்தில் பிறந்த தேதி. கீழே அவள் இருபத்தொரு வயதில் வேலைக்குச் சேர்ந்த பாட்டில் தொழிற்சாலையின் பெயர் சுருக்கமாக. அதற்குக் கீழே வரிசை வரிசையாக மாதங்கள். அந்த முதலெழுத்தோடு அவளை யாரும் கூப்பிட்டு இருபத்தாறு வருடமாகிறது. பழைய பெட்டியைத் துழாவும்போது சின்ன வயதுப் புகைப்படம் கைக்கு வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

படிவக்காரர் என்பது இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த நம்மவர்கள் அவருக்கு வைத்த பெயர். வாரநாட்களில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். சனிக்கிழமை காலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாரென்றால் மத்தியானம் வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். விட்டுவந்த நாட்டில் ஒருவருக்கு வரி பாக்கி என்று கடிதம் வந்திருக்கும். இன்னொருவருடைய வங்கிக் கணக்கை முடக்கியிருப்பார்கள். வேறொருவர் முப்பது வருடத்துக்கு முன்னால் ஆறு வருடம் பார்த்த வேலைக்கு வைப்புநிதி ஏதாவது தேறுமா என்று கேட்டு வந்திருப்பார். எல்லோருக்கும் அங்கே ஏதாவது ஒரு நூல் அறுந்து போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியைத் தேடிக் கையில் கொடுப்பது அவர் வேலை. காசு வாங்க மாட்டார். பழம் வாங்கிக்கொண்டு போனால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்.

"பத்து வருஷம் முழுசா இருந்தா மாசாமாசம் ஓய்வூதியம் வரும். ஒரு மாசம் குறைஞ்சாலும் கட்டினதை மொத்தமா கையில கொடுத்துக் கணக்கை மூடிடுவாங்க. உங்களுக்கு அஞ்சு மாசம் இடிக்குது."

"சரியா பத்து வருஷம் வேலை பாத்தேன் தம்பி. சேர்ந்த தேதியும் நின்ன தேதியும் எனக்கு மனப்பாடம்."

அவர் திரையை மேலும் கீழும் நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தினார். ஐந்தாம் வருடத்தில் ஐந்து மாதங்களுக்கு எதிரே எண்கள் இல்லாமல் வெறும் கோடு.

"இதுதான். அந்தக் காலத்துல நிறைய இடத்துல இப்படித்தான், சம்பளத்துல பிடிச்சுட்டுக் கட்டாம விட்டுருவாங்க. கூட வேலை பாத்தவங்க யாராவது, இவங்க அந்த மாசங்கள்ல வேலை பாத்தாங்கன்னு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும், சேர்த்துக்குவாங்க. இல்லேன்னா வெளிநாட்டுல இருக்கறவங்க தானா கட்டற திட்டம் ஒண்ணு இருக்கு. குறையற மாசத்துக்கு அதுல கட்டினாச் சேர்த்துக்குவாங்க, ஆனா முதலாளி பங்கையும் நீங்களே கட்டணும். அங்க வரிக் கணக்கு வேற தாக்கல் பண்ணணும். உங்க வரி எண்ல இன்னும் அப்பா வீட்டு விலாசம் இருக்கு, அதை மாத்தணும், பேரை மாத்தணும், இந்த நாட்டுலதான் வரி கட்டறீங்கன்னு இங்கிருந்து சான்றிதழ் வாங்கணும். அலைச்சல் அக்கா. பத்திரம்தான் சுலபம். யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். ஒருத்தி இருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் வீட்டுக்காரர், "இதுக்கு எதுக்கு மெனக்கெடறே? மொத்தமா வாங்கிட்டு விடு" என்றார். கிரேன் ஓட்டுநராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். நாற்பது மாடி உயரத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்து பழகியவருக்கு எதையும் மேலேயிருந்து பார்த்து ஒரு வரியில் முடித்துவிடுகிற பழக்கம். "அங்க கொடுக்கற மாசப் பணம் இங்க நமக்கு ஒரு வாரக் காய்கறிக்குக் காணாது."

அவர் சொன்னது நியாயம்தான். இந்த நாட்டுக்கு அவள் அவருடைய மனைவி என்கிற விசாவில் வந்தவள். வீட்டு ஒப்பந்தத்தில் இரண்டாவது கையெழுத்து அவளுடையது, வங்கிப் புத்தகத்தில் இரண்டாவது பெயர். மகள் வளர்ந்த பிறகு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலைக்குப் போனாள், பன்னிரண்டு வருடமாகப் போகிறாள். அங்கிருந்து வீட்டு விலாசத்துக்கு வருகிற கடிதங்களையும் பிரித்துப் படித்துக் கோப்பில் வைப்பது அவர்தான். அந்தப் பத்து வருடம் மட்டும்தான் அவளே விண்ணப்பித்து, அவளே சம்பாதித்து, அவளே எண்ணி வைத்த காலம். மாதம் எவ்வளவு குறைவாக வந்தாலும் சரி, நீ இங்கே இருந்தாய் என்று அந்த இடம் மாதத்துக்கு ஒருமுறை அவளிடம் சொல்லும். இதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சாதத்துக்கு உலை வைத்தாள்.

தொழிற்சாலையில் அவளுக்குப் பாட்டில் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து ஆறி வருகிற பாட்டில்கள் ஓடுபட்டையில் வரிசையாக நகர்ந்து வரும். பின்னால் பளீரென்று எரிகிற வெள்ளைத் தகடு. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு பாட்டிலிலும் கீறல், குமிழ், கல், மெலிந்த அடி என்று கண்ணில் பட்டதைச் சட்டென்று எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் யாராலும் பார்க்க முடியாது, கண் ஏமாற்ற ஆரம்பித்துவிடும். அதனால் ஓர் இடத்துக்கு இரண்டு பேர். இருபது நிமிடம் ஒருத்தி, இருபது நிமிடம் இன்னொருத்தி. அவளோடு ஜோடி சேர்ந்தவள் பனைமர உயரம். சேர்ந்த முதல் வாரமே மேஸ்திரி இவர்களுக்கு நெட்டை, குட்டை என்று பெயர் வைத்துவிட்டார். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவர்களுடைய சொந்தப் பெயர்கள் புழங்கியதில்லை. முக்காலியின் உயரத்தைத் திருகித்தான் மாற்ற வேண்டும். இவள் எழுந்தால் நெட்டை நாலு சுற்று இறக்குவாள், நெட்டை எழுந்தால் இவள் நாலு சுற்று ஏற்றுவாள். பேசக் கிடைப்பது அந்த நாலு சுற்று நேரம் மட்டும். "நேத்து என் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்தாங்க" என்பாள் நெட்டை. "அப்புறம்?" என்று கேட்பதற்குள் பாட்டில் வந்துவிடும். இருபது நிமிடம் கழித்து, "மாப்பிள்ளைக்குக் காது கேக்காது போல." அடுத்த இருபது நிமிடம் கழித்து, "அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு, கத்திப் பேசலாமாம்." காலையில் ஆரம்பித்த ஒரு கதை சாயங்காலச் சங்கு ஊதும்போதுதான் முடியும். இவள் வெளிச்சத்துக்கு முன்னால் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்க உட்கார்ந்திருப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு இங்கே வந்தபின் மூன்று கடிதம் எழுதினாள். நாலாவது எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

நெட்டையின் போன் எண் கிடைக்க ஒரு வாரமானது. தொழிற்சாலைச் சம்பளப் பிரிவில் இருந்தவர் ஒருவர் மூலமாகச் சுற்றி வளைத்துக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் கூப்பிட்டாள். ஒரு காரியம் ஆக வேண்டும் என்று இத்தனை வருடம் கழித்துக் கூப்பிடுகிறோமே என்று கூச்சமாக இருந்தது. யார் என்று கேட்டால் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். "ஹலோ" என்றாள்.

எதிர்முனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "குட்டையா?" என்று கேட்டாள் நெட்டை.

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. தங்கச்சிக்கு மூன்று பிள்ளைகள், மாப்பிள்ளைக்கு இப்போது நன்றாகக் காது கேட்கிறது, மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள், அதிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. நெட்டை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கச்சி வீட்டு மாடியறையில் இருக்கிறாள். தொழிற்சாலையை மூடிப் பதினாறு வருடமாகிறது. மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். நெட்டைக்கு மாதம் ஐந்தாம் தேதி ஓய்வூதியம் வருகிறது. அந்தச் சொல் வந்ததும் இவள் தன் விஷயத்தைச் சொன்னாள். ஐந்தாம் வருடம், ஐந்து மாதம், கம்பெனி கட்டாமல் விட்டது, பத்திரம், ஒரு கையெழுத்து.



"கம்பெனி மேல தப்பில்ல குட்டை" என்றாள் நெட்டை. "அந்த அஞ்சு மாசம் நீ ஸ்டூல்ல உக்காரவே இல்ல."

"நான் தினமும் வந்தேனே."

"வந்தே. ஒருநாள் தவறாம வந்தே. அட்டைப்பெட்டி ரூம்ல உக்காந்திருந்தே."

இல்லை என்று சொல்லத்தான் இவள் வாயெடுத்தாள். அதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. காய்ந்த அட்டையும் பசையும் கலந்த வாசனை. உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். தட்டையாகக் கட்டி வைத்திருக்கும் அட்டைகளைப் பிரித்து மடித்துப் பெட்டியாக்கி, பெட்டிக்கு மேல் பெட்டியாகச் சுவர்போல் அடுக்கிக்கொண்டே போன கைகள். அவளுடைய கைகள்தான். அந்த வருடம் அவளுக்கு இருபத்தாறு வயது. வீட்டுக்காரர் முதல் ஒப்பந்தத்தில் வெளிநாடு போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஏழாம் மாதத்தில் குழந்தை அசையவில்லை என்று தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் நாள் தனியாகவே திரும்பி வந்தாள். மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லாம் நினைவிருந்தது. மகள் வயிற்றில் வந்ததற்குப் பிறகு எல்லாம் நினைவிருந்தது. நடுவில் இருந்ததை, தினமும் வேலைக்குப் போனேன் என்ற ஒரே வரியில் மூடி வைத்திருக்கிறாள். அந்த மூடியைத் திறந்து பார்த்ததேயில்லை.

"நீ வந்த மொத வாரம் நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தே. பாட்டில் போய்க்கிட்டே இருந்துச்சு. கீறல் விழுந்தது பதினோரு பெட்டி திரும்பி வந்துச்சு. மேஸ்திரி பதிவேட்டுல உன் பேரை அடிச்சிட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது."

"சம்பளக் கவர் வந்துதே நெட்டை. மாசாமாசம் வந்துது."

"கொண்டுவந்து கொடுத்தது யாரு?"

நெட்டைதான். கவுன்டரில் கூட்டமாக இருந்தது, உனக்கும் சேர்த்து வாங்கிட்டேன் என்று சொல்லி மடியில் வைப்பாள். இவள் அதைப் பிரித்து எண்ணிக்கூடப் பார்த்ததில்லை.

"ரெண்டு பேர் இடத்தையும் நான் பாக்கறேன், கண் ஏமாத்தாமப் பாத்துக்கறேன்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். ரெண்டு ஆள் கூலியையும் என் பேர்லயே போட்டாங்க, உன் பங்கை எண்ணிக் கவர்ல வச்சுக் கொடுத்தேன். நீ அட்டை மடிச்சதுக்குத் தனியாக் கூலி கிடையாது, சும்மா உக்காந்துட்டுப் போகட்டும்னு விட்டாரு. அதுக்கே நான் எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வீட்டுக்குப் போயிருப்பே. வீட்ல யாரு இருந்தா உனக்கு?"

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் ஒரு பெண் பால்கனிக் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்து முடிக்கும் வரைக்கும் இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பணத்தை…" என்று இவள் ஆரம்பித்தாள்.

"போடி. ரெண்டு ஆள் பிடித்தமும் என் கணக்குலதானே ஏறுச்சு. அதுக்கும் சேர்த்துத்தான் இப்போ மாசாமாசம் வாங்கறேன். நீ அட்டை மடிச்சதுக்கு நான் பென்ஷன் வாங்கறேன், லாபம் எனக்குத்தான்." சொல்லிவிட்டு நெட்டை சிரித்தாள். "பத்திரத்தை அனுப்பு. தினமும் வந்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன். அது பொய்யில்லையே."

"வேண்டாம் நெட்டை."

"சும்மா அனுப்பு. எவன் கேக்கப் போறான்?"

"வேண்டாம். அது உன்னோட அஞ்சு மாசம்."

வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு வந்தபோது அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. என்ன என்று கேட்டார். சொன்னாள். குழந்தையைப் பற்றி அவர்கள் பேசி முப்பது வருடம் ஆகியிருக்கும். அவருக்குத் தெரியும். அப்போது வேலைக்குப் போயிருந்த ஊரிலிருந்து கடிதம் எழுதினார், விடுமுறைக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது அவள் அட்டைப்பெட்டி அறையையும் கவரையும் சொல்லச் சொல்ல, அவர் பையிலிருந்த தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்த மாசத்துலேந்து எந்த மாசம் வரைக்கும்?" என்று கேட்டார்.

சொன்னாள்.

அவர் ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ எங்களுக்குச் சம்பளமே வரல. கம்பெனிக்காரன் இதோ அதோன்னு இழுத்தடிச்சான். உனக்கு ஒரு பைசா அனுப்பல நான். இருக்கற நிலைமைல இதை வேற எழுதணுமான்னு விட்டுட்டேன். பணம் ஏன் வரலன்னு நீயும் ஒரு வார்த்தை கேட்டு எழுதல. எப்படியோ சமாளிக்கறா, கெட்டிக்காரின்னு நினைச்சுக்கிட்டேன்." தக்காளியை மேசையில் வைத்தார். அது உருண்டு போய்த் தட்டில் முட்டி நின்றது. "நீ கெட்டிக்காரின்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். இத்தனை வருஷமா."

அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவளிடமே நீட்டினார். அவள் குடித்தாள்.

"மொத்தமா வாங்க வேண்டாம்" என்றார். "அந்தத் தானா கட்டற திட்டம்னு சொன்னாரே, அதுல கட்டு. அஞ்சு மாசமும் கட்டு. அலைஞ்சா அலைஞ்சுட்டுப் போறோம், எனக்கு என்ன வேலை இருக்கு?"

படிவக்காரர் சொன்னதுபோலவே அலைச்சலாகத்தான் இருந்தது. பெயர் மாற்றத்துக்குக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். அதில் அவள் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிசகியிருந்தது. வசிப்பிடச் சான்றிதழுக்காக இங்குள்ள வரி அலுவலகத்தில் இரண்டு தடவை வரிசையில் நின்றார்கள். கைரேகை வைக்கப் போன இடத்தில், சலவைக்கூடத்து வெந்நீரில் தேய்ந்துபோன விரல்களை இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் இடதுகைச் சுண்டுவிரல் ஒன்றுதான் தேறியது. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் படிவக்காரர் குடும்பத்தலைவி என்று எழுதப் போனார். வீட்டுக்காரர் குறுக்கே கையை வைத்து, "பாட்டில் பரிசோதகர்னு போடுங்க. முன்னாள்னு வேணா சேர்த்துக்குங்க" என்றார். படிவக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே எழுதினார்.

முதல் மாதத் தொகையைக் கட்டிவிட்டு, வங்கி வாசலில் நின்றபடியே நெட்டையைக் கூப்பிட்டுச் சொன்னாள். "பைத்தியக்காரி, சும்மா ஒரு கையெழுத்துல முடியறதுக்கு" என்று நெட்டை திட்டினாள். இரண்டாவது மாதம் அவளே கேட்டாள், "கட்டிட்டியா?" என்று. மூன்றாவது மாதம் இரண்டு பேரும் கட்டிய விஷயத்தையே மறந்துவிட்டு மேஸ்திரியின் மீசையைப் பற்றிப் பேசினார்கள். அட்டைப்பெட்டி அறையைப் பற்றி ஒரு தடவை இவளாகக் கேட்டாள், அங்கே நான் அழுதுகிட்டிருந்தேனா என்று. இல்லை, வேகமாக மடிப்பாய், இருந்த அட்டையெல்லாம் தீர்ந்துபோகும், சாயங்காலம் நீ போனதும் நானும் காவலாளியும் உட்கார்ந்து பாதியைத் திரும்பப் பிரித்து வைப்போம், மறுநாளைக்கு உனக்கு வேலை வேண்டுமே என்றாள் நெட்டை. தொழிற்சாலைக்கு ஒருநாள் தேவைக்கு மேல் பெட்டி எதற்கு என்று நெட்டையே எதிர்க்கேள்வியும் கேட்டாள்.

நாலாவது மாதம், தங்கச்சி மகள் புது போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று நெட்டை முகம் பார்த்துப் பேச அழைத்தாள். இவள் அவசரமாகத் தலையை ஒதுக்கிவிட்டுத் திரையைத் தொட்டாள். முகம் வரவில்லை. நெட்டை பழக்க தோஷத்தில் போனைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டிருந்தாள். திரை முழுவதும் ஒரு காது. தொங்கிப்போன மடல், அதில் சின்னதாக ஒரு வெள்ளைக்கல் தோடு, காதோரம் நரைத்த மயிர் நாலைந்து காற்றில் பறந்து பறந்து படிந்தன.

"தெரியறேனா குட்டை?" என்று கேட்டாள் நெட்டை. "நல்லாப் பாத்துச் சொல்லு, நிறைய மாறிட்டேனா?"

போனைத் தள்ளிப் பிடி என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டுக்காரரைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"தெரியறே" என்றாள் அவள். "அப்படியேதான் இருக்கே. பேசு."

நெட்டை பேச ஆரம்பித்தாள். அவள் பேசப் பேசத் தோடு மெல்ல ஆடியது. இரண்டு பேரும் அந்தக் காதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.